மூன்று சாவி சேர்ந்தால் கதவு திறக்கும்!

2021-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம் 6-ந் தேதி. தமிழ்நாடு முழுவதும் சட்டசபைத் தேர்தல். கலசப்பாக்கம் தொகுதி மக்களும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

கலசப்பாக்கம், திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றங்கரையில் உள்ள ஊர். தை மாதம் ரதசப்தமி அன்று அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இந்த ஆற்றுக்குத்தான் எழுந்தருளுவார். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை நீலமாகத் தெரியும். அந்த மலைக் கிராமங்களும் இந்தத் தொகுதியில் உண்டு.

அன்று இரவு ஓட்டு எந்திரங்களுக்கு முத்திரை வைத்தார்கள். ஓர் அறைக்குள் கொண்டுபோய் அடுக்கிப் பூட்டினார்கள்.

ஓட்டு எண்ணியது எப்போது தெரியுமா? மே மாதம் 2-ந் தேதி! 26 நாள் அந்த எந்திரங்கள் அறைக்குள் கிடந்தன.

அப்படிப்பட்ட அறைக்கு ஒரு பூட்டு போதாது என்பது தேர்தல் கமிஷன் விதி. இரட்டைப் பூட்டு போட வேண்டும். ஒரு சாவி ஓர் அதிகாரியிடம் இருக்கும். மற்றொரு சாவி வேறோர் அதிகாரியிடம் இருக்கும். வேட்பாளர்களும் தங்கள் முத்திரையை வைக்கலாம். வெளியே துப்பாக்கி ஏந்திய காவல். கேமரா வேறு.

அதிகாரிகள் கெட்டவர்கள் என்பதால் அல்ல இந்தக் கட்டுக்காவல். எல்லாச் சாவியும் ஒருவர் கையில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஊர் நம்பாது!

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படிப் பூட்டிய அறைகள் இருக்கின்றன. அங்கே இரும்புச் சாவி கிடையாது. ரகசியச் சொல்தான் சாவி. அதைத்தான் "பாஸ்வேர்டு" என்கிறார்கள்.

முதல் திருட்டு

கம்ப்யூட்டருக்கு ரகசியச் சொல் வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற பெரிய கல்வி நிலையத்தில், 1961-ம் ஆண்டு வாக்கில் கோர்பட்டோ என்ற விஞ்ஞானி அதைக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஓர் அறை அளவுக்குப் பெரிது. விலையும் அதிகம். ஒரே எந்திரத்தைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவருடைய கணக்கை மற்றவர் தொடாமல் இருக்க ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்கள்.

பூட்டு வந்தது. பின்னாலேயே திருடனும் வந்தான்!

ஆலன் ஷெர் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் எந்திரம் கிடைத்தது. வேலை முடியவில்லை. 1962-ம் ஆண்டு அவர் ஒரு தந்திரம் செய்தார். ரகசியச் சொற்கள் இருக்கும் பட்டியலை அச்சடித்துக் கொடுக்கும்படி எந்திரத்துக்கே ஒரு சீட்டு எழுதிப் போட்டார். எந்திரம் கேள்வி கேட்காமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. எல்லோருடைய ரகசியச் சொல்லும் அவர் கைக்கு வந்தது.

தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அந்தப் பட்டியலை நண்பர்களுக்கும் கொடுத்தார். அவர்களில் ஒருவர் ஆராய்ச்சிக்கூடத் தலைவரின் கணக்குக்குள் நுழைந்து கேலி எழுதிவிட்டு வந்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் ஷெர் உண்மையைச் சொன்னார்.

1966-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. அதே எந்திரத்தில் தினமும் "இன்றைய செய்தி" என்று நாலு வரி வரும். ஒரு நாள் இரண்டு கோப்புகள் இடம் மாறிவிட்டன. செய்தி வரவேண்டிய இடத்தில் எல்லோருடைய ரகசியச் சொல்லும் வரிசையாக வந்தது! உள்ளே நுழைந்தவர்கள் எல்லாம் படித்தார்கள்.

அரிசியும் உப்பும்

ரகசியச் சொல்லை அப்படியே எழுதி வைத்தால் இந்தக் கதிதான். வேறு வழி என்ன?

நெல்லை அரிசி ஆக்கலாம். அரிசியை மாவு ஆக்கலாம். மாவைத் திரும்ப அரிசி ஆக்க முடியுமா? முடியாது. அதுபோல, ரகசியச் சொல்லைக் கணக்கு என்ற ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்து, மாவை மட்டும் எந்திரம் வைத்துக்கொள்கிறது. நீங்கள் மறுபடி வந்து சொல்லைச் சொன்னால், அதையும் அரைத்துப் பார்க்கும். இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். மாவைத் திருடியவனுக்கு அரிசி கிடைக்காது.

இதில் ஒரு சின்ன ஓட்டை. இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் இரண்டு மாவும் ஒன்றாக இருக்குமே! அதற்காக ஆளுக்கு ஒரு வகை உப்பைக் கலந்து அரைக்கிறார்கள். வேடிக்கைக்காகச் சொல்வது அல்ல. கம்ப்யூட்டர் நிபுணர்களே அதை "உப்பு" என்றுதான் சொல்கிறார்கள்.

ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்ற இரு அமெரிக்கர்கள் 1979-ல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் 3,289 ரகசியச் சொற்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் 100-க்கு 86 எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவை. ஒரே ஓர் எழுத்தை ரகசியச் சொல்லாக வைத்திருந்தவர்கள் மட்டும் 15 பேர்!

இங்கே ஒரு சுவையான செய்தி. பூட்டு செய்த அந்த மாரிசுக்கு ஒரு மகன். 1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி அவர் "புழு" போன்ற ஒரு நிரலை இன்டர்நெட்டில் விட்டார். அது ரகசியச் சொற்களை ஊகித்துக் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகப் பரவியது. கோர்ட்டு அவருக்கு 10 ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம் போட்டது. பிறகு அவரே ஒரு பேராசிரியர் ஆனார். எங்கே? கோர்பட்டோ ரகசியச் சொல்லைக் கொண்டுவந்த அதே கல்வி நிலையத்தில்!

ராத்திரி வேலை செய்யும் எந்திரம்

மனிதன் ரகசியச் சொல்லை மனதில் வைத்துக்கொள்வான். எந்திரம் என்ன செய்யும்?

ஒரு பாங்கியின் கம்ப்யூட்டர் நடுராத்திரி 2 மணிக்குக் கணக்குப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வேறொரு கம்ப்யூட்டரிடம் போய் விவரம் கேட்க வேண்டும். அங்கேயும் பூட்டு. "ரகசியச் சொல் என்ன?" என்று அது கேட்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. எனவே எந்திரத்துக்கே ரகசியச் சொல்லைக் கொடுத்து வைக்க வேண்டும். எங்கே வைப்பது?

அவசரக்காரர்கள் நிரலுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேல் வைப்பதுபோல! அந்த நிரலை நாலு பேர் பார்க்கிறார்கள். பத்து பேர் நகல் எடுக்கிறார்கள்.

"ஊபர்" என்ற வாடகைக் கார் கம்பெனியில் 2016-ல் அதுதான் நடந்தது. என்ஜினீயர்கள் நிரல்களை "கிட்ஹப்" என்ற பொதுக் கிடங்கில், தங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் வைத்திருந்தார்கள். திருடர்கள் அந்த அறைக்குள் நுழைந்தார்கள். நிரலுக்குள் ஒரு சாவி கிடந்தது. அதை எடுத்துப்போய்ப் பெரிய பெட்டியைத் திறந்தார்கள். 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் போயிற்று. 6 லட்சம் அமெரிக்க டிரைவர்களின் லைசென்சு எண்ணும் அதில் அடக்கம்.

கம்பெனி என்ன செய்தது? திருடர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்தது. ஓர் ஆண்டுக்கு மேல் வாய் திறக்கவில்லை. 2017 நவம்பரில் விஷயம் வெளியே வந்தது. 2018-ல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மூடி மறைத்ததற்காக அதன் பாதுகாப்புத் தலைவரை 2022-ல் கோர்ட்டு குற்றவாளி என்று தீர்மானித்தது. திருட்டைவிட மறைத்ததற்குத்தான் தண்டனை பெரிது.

ஜப்பானில் "டொயோட்டா" கம்பெனிக்கும் இதே சங்கடம். அதற்காக வேலை செய்த ஒரு துணை கம்பெனி, சாவியோடு சேர்த்து நிரலைப் பொது இடத்தில் போட்டுவிட்டது. 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை, ஐந்து ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு, யாரும் கவனிக்கவில்லை. 2 லட்சத்து 96 ஆயிரம் வாடிக்கைக்காரர்களின் மின்னஞ்சல் முகவரிகளை அந்தச் சாவியால் எடுத்திருக்க முடியும்.

இதெல்லாம் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். "கிட்கார்டியன்" என்ற கம்பெனி கிட்ஹப் கிடங்கைத் தேடிப் பார்த்தது. 2023-ம் ஆண்டில் மட்டும் இப்படிப் பொது இடத்தில் விழுந்த சாவிகள் 1 கோடியே 28 லட்சம்!

தந்தி போல ஒரு கட்டளை

இந்தத் தொல்லை தீரத்தான் ரகசியப் பெட்டி நிரல்கள் வந்தன. அவற்றில் பல, பார்ப்பதற்கு அழகாக இருக்காது. படம் இல்லை. பொத்தான் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதினால் ஒரு வேலை நடக்கும். அவ்வளவுதான்.

2013 ஜூலை வரை நம் நாட்டில் தந்தி இருந்தது. தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு. அதனால் நாலே வார்த்தையில் விஷயத்தைச் சொல்வார்கள். இந்தக் கட்டளை வரியும் அப்படித்தான். வளவளப்பு கிடையாது.

"பாஸ்" என்ற நிரல் இந்த ரகம். ஜேசன் டோனன்பெல்டு என்பவர் எழுதியது. 2012-ல் வெளிவந்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

"பாஸ் இன்சர்ட் பாங்க்" என்று தட்டினால், "பாங்கியின் ரகசியச் சொல் என்ன?" என்று கேட்கும். நீங்கள் தட்டும் எழுத்து திரையில் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் பயன் இல்லை. "பாஸ் ஜெனரேட் மின்சாரம் 20" என்று தட்டினால், மின்சாரக் கட்டணக் கணக்குக்கு 20 எழுத்தில் ஒரு புதிய சொல்லைத் தானே உண்டாக்கிக் கொடுக்கும். வாயில் நுழையாத சொல்! நினைவில் வைக்கவே வேண்டாம். வேண்டும்போது கேட்டால், வேறு இடத்தில் ஒட்டுவதற்கு எடுத்துக் கொடுக்கும். 45 விநாடியில் அதையும் அழித்துவிடும்.

சொல்லை ஏன் தனியாகக் கேட்க வேண்டும்? கட்டளையோடு சேர்த்து எழுதினால் என்ன? அங்கேதான் ஆபத்து. தட்டிய கட்டளைகளை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வரும். ரகசியமும் அந்த நோட்டில் ஏறிவிடும். அனுபவசாலிகளே இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.

கோவில் உண்டியல்

"பாஸ்" நிரல் ஒவ்வொரு ரகசியத்தையும் ஒரு தனிக் கோப்பில் பூட்டி வைக்கிறது. பூட்டும் வேலையைச் செய்வது "குனு-பிஜி" என்ற வேறொரு நிரல்.

அந்தப் பூட்டைப் புரிந்துகொள்ளக் கோவில் உண்டியலை நினைத்துக்கொள்ள வேண்டும். உண்டியலில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம். பெரியவர், குழந்தை, வெளியூர்க்காரர், எல்லோரும். ஆனால் எடுக்க வேண்டுமானால் சாவி வேண்டும். அதுபோல இங்கே இரண்டு சாவி. ஒன்று பொதுச் சாவி. அதை ஊருக்கே கொடுக்கலாம். அதனால் பூட்டத்தான் முடியும். மற்றொன்று சொந்தச் சாவி. திறப்பது அது மட்டும்தான்.

குனு-பிஜியை எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோக். 1997-ல் தொடங்கினார். உலகம் முழுவதும் பத்திரிகையாளர்களும் பெரிய கம்பெனிகளும் அதை நம்பி இருக்கிறார்கள். ஆனால் அவரிடம் பணம் இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். 2015 பிப்ரவரியில் இந்தச் செய்தி அமெரிக்காவில் வெளியாயிற்று. உடனே நன்கொடை குவிந்தது. பேஸ்புக் கம்பெனியும் ஸ்ட்ரைப் கம்பெனியும் ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலர் கொடுப்பதாகச் சொன்னார்கள். உலகத்தின் பூட்டுக்காரர் வீட்டில் அதுவரை அடுப்பு எரிந்தது பெரிய காரியம்!

நம் தமிழ்நாட்டுக் கம்பெனியும் இந்தத் துறையில் உண்டு. 1996-ல் தொடங்கி, தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் "சோகோ", ரகசியச் சொற்களைக் காக்கும் பெட்டி ஒன்றை விற்கிறது.

புள்ளியும் கோலமும்

தனி ஆளுக்கு "பாஸ்" போதும். ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு? அங்கே ஒருவரிடம் சாவியைக் கொடுத்தால் கலசப்பாக்கத்து ஓட்டு அறைக்குச் சொன்ன அதே பேச்சுத்தான் வரும்.

2015-ல் ஹாஷிகார்ப் என்ற அமெரிக்கக் கம்பெனி "வால்ட்" என்ற ரகசியப் பெட்டியை வெளியிட்டது. இதுவும் எழுத்துக் கட்டளையில் இயங்குவது. (அந்தக் கம்பெனியை 2025-ல் ஐ.பி.எம். 640 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.)

வால்ட் ஓடும் எந்திரத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினால், பெட்டி பூட்டிக்கொள்ளும். திறக்க ஐந்து சாவித் துண்டுகள் இருக்கும். ஐந்தும் ஐந்து பேரிடம். அவர்களில் யாராவது மூன்று பேர் வந்து தங்கள் துண்டைத் தட்டினால் பெட்டி திறக்கும். இரண்டு பேர் சதி செய்தால் திறக்காது. இரண்டு பேர் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

எப்படி முடிகிறது இது? ஆதி ஷமீர் என்ற இஸ்ரேல் நாட்டுக் கணித மேதை 1979-லேயே வழி சொல்லிவிட்டார்.

வாசலில் ஒரு புள்ளி வையுங்கள். அதன் வழியாக எத்தனை நேர்கோடு போடலாம்? கணக்கே இல்லை. இன்னொரு புள்ளி வையுங்கள். இப்போது இரண்டையும் சேர்த்துப் போகும் நேர்கோடு ஒன்றே ஒன்றுதான். ரகசியத்தை அந்தக் கோட்டில் ஒளித்து, ஆளுக்கு ஒரு புள்ளியைக் கொடுத்தால், இரண்டு பேர் சேர்ந்தால்தான் கோடு தெரியும்.

மூன்று பேர் வேண்டுமானால் நேர்கோட்டுக்குப் பதில் வளைவு போட வேண்டும். மேலே எறிந்த கல் கீழே வருகிறதே, அந்த வளைவு. இரண்டு புள்ளி வழியாக அப்படி எத்தனையோ வளைவு போகும். மூன்று புள்ளி கிடைத்தால் ஒன்றே ஒன்றுதான். அந்த வளைவில் எத்தனை புள்ளி வேண்டுமானாலும் எடுத்துப் பங்கிடலாம். கோலம் போடுகிற கைக்கு இது சட்டென்று புரியும்.

வால்ட் இன்னொரு காரியமும் செய்கிறது. எந்திரம் வந்து கேட்டால், அந்த நேரத்துக்கு மட்டும் செல்லும் புதிய ரகசியச் சொல் ஒன்றை உண்டாக்கிக் கொடுக்கும். பஸ் டிக்கெட்டு மாதிரி. பயணம் முடிந்தால் அது வெறும் காகிதம். யார் வந்தார்கள், எதைக் கேட்டார்கள் என்பதையும் எழுதி வைக்கச் சொல்லலாம்.

ஜெய்ப்பூரில் ஒரு மரணம்

சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை உண்டு. நம் நாட்டில் முடிந்த கதை.

கனடாவில் "குவாட்ரிகா" என்று ஒரு கம்பெனி. பிட்காயின் என்ற கம்ப்யூட்டர் நாணயத்தை வாங்கி விற்கும் கம்பெனி. அதன் முதலாளி ஜெரால்டு காட்டன். வயது 30. மனைவியோடு இந்தியாவுக்கு வந்தார். ஜெய்ப்பூரில் நோயுற்று, 2018 டிசம்பர் 9-ந் தேதி இறந்துபோனார்.

"பணம் இருக்கும் பெட்டியின் ரகசியச் சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும்" என்று கம்பெனி கையை விரித்தது. 76 ஆயிரம் பேருக்குப் பணம் வரவேண்டி இருந்தது. அலறினார்கள்.

பிறகு தணிக்கை செய்தவர்கள் பெட்டிகளைத் தேடிப் பார்த்தார்கள். முக்கியப் பெட்டிகளில் ஒன்றும் இல்லை! அவர் சாகும் முன்பே பணத்தைச் சூதாட்டம்போல வியாபாரத்தில் விட்டிருந்தார். அது மோசடி என்று ஒன்டாரியோ மாநிலப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பு 2020-ல் அறிவித்தது. இரண்டாவது சாவி இன்னொருவரிடம் இருந்திருந்தால், அவர் உயிரோடு இருந்தபோதே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

வீட்டுச் சாவி

ஜவ்வாது மலையில் இருந்து சாமையும் தேனும் கொண்டுவந்து விற்பவர் கையிலும் இன்று செல்போன் இருக்கிறது. முதியோர் பென்ஷன், ஊரக வேலைத் திட்டச் சம்பளம், எல்லாம் பாங்கிக் கணக்கில்தான் வருகிறது. எனவே ரகசியச் சொல் என்பது பட்டணத்து என்ஜினீயர் சமாசாரம் மட்டும் அல்ல.

ஏ.டி.எம். அட்டையின் உறையிலேயே நாலு எண்ணையும் எழுதி வைக்கிறவர்கள் உண்டு. இது ஊபர் என்ஜினீயர் செய்த அதே காரியம்! எழுதத்தான் வேண்டும் என்றால், ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டி, நகைப் பெட்டியில் வைக்கலாம். அட்டை ஓரிடம், எண் ஓரிடம். வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கு அந்த இடம் தெரிய வேண்டும்.

செல்போனில் வரும் ஆறு இலக்க எண் ஒரே ஒரு தடவைக்கான சாவி. பாங்கியில் இருந்து பேசுவதாகச் சொல்லி அதை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

நல்ல ரகசியச் சொல்லுக்கு ஒரு சுலப வழியும் உண்டு. அமெரிக்கரான ஆர்னால்டு ரெயின்ஹோல்டு 1995-ல் சொன்னது. 7,776 வார்த்தைகள் கொண்ட பட்டியல் ஒன்று. ஆறு பக்கப் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு வார்த்தை விழும். இப்படி நாலு வார்த்தை எடுத்து ஒன்றாகக் கோத்தால், திருடன் முயன்று பார்க்க வேண்டிய வகைகள் 3,656 லட்சம் கோடி! பிள்ளை பெயரும் பிறந்த வருஷமும் வைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். அதை ஊரே ஊகித்துவிடும்.

சரி, முதலில் ரகசியச் சொல்லைக் கொண்டுவந்த கோர்பட்டோ என்ன செய்தார்? 2014-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அவரிடம் கேட்டது. அப்போது அவருக்கு வயது 87. தம்முடைய சுமார் 150 ரகசியச் சொற்களையும் அவர் மூன்று தாளில் தட்டச்சு அடித்து வைத்திருந்தார்.